சம இரவு நாளும் சரவணபவனும்: அம்மா திருத்தின ஒரு ஃபார்வேர்டு

ஓம் சரவணபவ. 

இந்தப் பதிவை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கணும். 2024 மார்ச் 20 காலையில நம்ம க்ரூப்ல ஒரு படம் போட்டேன், ஞாபகம் இருக்கா? நடுவுல வேல், பின்னாடி சூரியன், கீழே நாலு வரி. இன்னைக்கு சம இரவு நாள், சூரியன் தமிழ்நாட்டுக்கு நேர் உச்சியில நிக்கும், மதியம் 12 மணிக்கு நிழலே விழாது, பகலும் இரவும் சரியா 12 மணி நேரம், அந்த நேரத்துல வெயில்ல நின்னு ஆறெழுத்து சொன்னா ஆறு மடங்கு பலன். வேற எங்கேயோ இருந்து வந்ததுதான். எழுத்தை மாத்தி, படத்தை அழகாக்கி, நான் அனுப்பினேன். நிறைய பேர் கும்பிடு போட்டீங்க. சில பேர் ஸ்டேட்டஸ்லயும் வச்சீங்க.

அன்னைக்கு சாயங்காலம் அம்மா போன் பண்ணாங்க. எங்க ஊர் ஏழாயிரம்பண்ணை. அம்மா பக்கத்துல ஒரு பட்டாசு ஆலையில சக்கரம் சுத்துறாங்க. அப்பா அதே ஆலையில மருந்து ரூம். ஆலைக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது, அதனால நான் அனுப்புறதை எல்லாம் வீட்டுக்கு வந்துதான் பார்ப்பாங்க. "ஏய்யா, நிழல் விழாதுன்னு போட்டிருக்க. எங்க செட்டு வாசல்ல இன்னைக்கு மத்தியானம் எனக்கு ஒரு சாண் நிழல் விழுந்துச்சே. சித்திரை பொறந்தாதான்ய்யா நிழல் காலுக்குள்ள போகும். இது கூடத் தெரியாமயா நீ இஞ்சினியருக்குப் படிச்ச?"

நான் முதல்ல சிரிச்சேன். அப்புறம் லேப்டாப்பைத் திறந்து கணக்குப் போட்டேன். ஏழாயிரம்பண்ணை பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரிக்குக் கொஞ்சம் மேல இருக்கு. மார்ச் 20 அன்னைக்கு சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேல. அப்போ எங்க ஊர்ல அது உச்சியில இருந்து 9 டிகிரி தெற்கே சாய்ஞ்சுதான் இருக்கும். 1 மீட்டர் கம்பு நட்டா சுமார் 16 செ.மீ. நிழல். அம்மா 5 அடி உயரம், கணக்குப்படி 25 செ.மீ. நிழல். ஒரு சாண்!

ஒரு சாண்னு அம்மா சும்மா சொல்லல.

எங்க ஊர்க்காரங்களுக்கு நிழல் ஒரு விளையாட்டு இல்ல. அம்மா ஒரு கணக்கு வச்சிருக்காங்க. பங்குனி, சித்திரை வந்துட்டா, தன் நிழல் தன் உயரத்துல பாதியா குறையுறதுக்குள்ள மருந்து வேலை முடிஞ்சிடணும். பாதியாச்சுன்னா அப்பா இருக்குற ரூம் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுப்பாங்க. 'வெயில் ஏறுது' அப்படின்னு மட்டும்தான் சொல்வாங்க. 20 வருஷத்துக்கு மேல இதுதான் அவங்களுக்குள்ள பேச்சு. ஃபோர்மேன் சொல்ற நேரம் தனி, அம்மாவோட நிழல் தனி.

இந்த நிழல் கணக்கை நான் உட்கார்ந்து சரிபார்த்தேன். சித்திரை முதல் தேதி அன்னைக்கு காலை 10.30 மணி வாக்குல நிழல் பாதியாயிடும். பங்குனியில, அதாவது மார்ச் 20 பக்கம், 10.45 ஆகும். மார்கழியிலயோ நாள் முழுக்கப் பார்த்தாலும் நிழல் பாதியாகவே ஆகாது! நடு மத்தியானத்துல கூட ஆள் உயரத்துல பாதிக்கு மேலதான் இருக்கும். அதாவது வெயில் கடுமையான மாசத்துல சீக்கிரம் மணி அடிச்சு, குளிர்ந்த மாசத்துல மணியே அடிக்காத ஒரு கடிகாரம். பேட்டரி வேண்டாம், அப்டேட் வேண்டாம். நான் மாசச் சம்பளம் வாங்கிட்டு எழுதுற கோடு எதுவும் இவ்வளவு சுத்தமா வேலை செஞ்சதில்ல.

அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குத்தான், மதியம் 12 மணிக்கு வெயில்ல நில்லுங்கன்னு நான் மெசேஜ் அனுப்பியிருக்கேன். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்துல நடந்ததுக்கு அப்புறம் எங்க பக்கம் யாரும் நேரத்தை லேசா எடுத்துக்கறதில்ல. 20 பேருக்கு மேல போயிட்டாங்க அன்னைக்கு. அதுக்கு வெயில் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா மத்தியானம்னு ஒரு வார்த்தை எங்க ஊர்ல வேற மாதிரி கேக்கும், அவ்வளவுதான். சிவனோட நெற்றிக்கண் பொறியில பிறந்த சாமி முருகன். அந்தச் சாமியைக் கும்பிட்டுட்டே, ஒரு பொறி விழுந்துடக் கூடாதேன்னு வாழ்ற ஊர் எங்களது.

சரி, அந்த மெசேஜ்ல எது பொய், எது நிஜம்? முதல்ல சம இரவு நாள்னா என்னன்னு பார்த்துடுவோம். பள்ளிக்கூடத்துல உலக உருண்டையை வச்சுச் சொல்லிக் கொடுத்தது எனக்கு ஒருநாளும் மண்டையில ஏறல. கழுகுமலை கிரிவலத்துலதான் ஏறுச்சு.

கழுகுமலையைச் சுத்தி வர்றீங்க. தோள்ல காவடி. ஒரே ஒரு விதி: நீங்க எந்தப் பக்கம் திரும்பி நடந்தாலும் காவடி எப்பவும் வடக்குப் பக்கமே கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கணும். இப்போ மலைக்குத் தெற்கே நடக்கும்போது மலை உங்களுக்கு வடக்கே இருக்கு, அதனால காவடி மலையைப் பார்த்துச் சாயும். மலைக்கு வடக்கே போயிட்டா அதே காவடி மலையை விட்டு விலகிச் சாயும். காவடி மாறல, நீங்க நிக்கிற இடம்தான் மாறுச்சு. இந்த ரெண்டுக்கும் நடுவுல, மேற்கே ஒரு இடம், கிழக்கே ஒரு இடம். அங்கே காவடி மலைப் பக்கமும் சாயாது, எதிர்ப் பக்கமும் சாயாது. ஒரு இடத்துல உங்களுக்கு முன்னால சாயும், இன்னொரு இடத்துல பின்னால சாயும்.

மலைதான் சூரியன். காவடி பூமியோட அச்சு. அது 23.4 டிகிரி சாய்வு. மலையைப் பார்த்துச் சாயுற இடம் ஜூன் மாசம், வடக்குப் பாதிக்கு வெயில் காலம். விலகிச் சாயுற இடம் டிசம்பர். நடுவுல வர்ற அந்த ரெண்டு இடங்கள்தான் மார்ச் 20-ம் செப்டம்பர் 22 அல்லது 23-ம். அன்னைக்கு வடக்குப் பாதி, தெற்குப் பாதி ரெண்டுக்கும் வெயில் சமம். சூரியன் நேர் கிழக்கே உதிச்சு நேர் மேற்கே மறையும். (நாம வலமா சுத்துறோம், வடக்குல இருந்து பார்த்தா பூமி இடமா சுத்துது. அதைப் பிடிச்சுக்கிட்டு கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க.)

பகலும் இரவும் அன்னைக்கு சரியா 12 மணி நேரமான்னா, அதுவும் இல்ல. சூரியனோட மேல் விளிம்பு தெரிஞ்சதுமே உதயம்னு கணக்கு. அதோட காற்று மண்டலம் வெளிச்சத்தை வளைச்சு, தொடுவானத்துக்குக் கீழே இருக்குற சூரியனையும் மேலே தூக்கிக் காட்டும். இதனால எங்க ஊர்ல மார்ச் 20 அன்னைக்கு பகல் 6, 7 நிமிஷம் கூடுதலாவே இருக்கும். சரிசமமான நாள் மார்ச் முதல் வாரத்துலயே வந்துட்டுப் போயிடும், யாருக்கும் தெரியாம. நம்ம தெற்குச் சீமையில வருஷத்துலயே நீளமான பகலுக்கும் குறுகலான பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் வித்தியாசம். பனி பெய்யுற தேசத்துக்காரன் பகலை வச்சு பருவம் பார்க்கலாம். நமக்கு நிழல்தான்.

செப்டம்பர் பக்கத்தையும் சொல்லிடறேன், ஏன்னா எங்க கரிசலுக்கு அதுதான் உயிர். சூரியன் தெற்கே தாண்டினதும் வடக்கே நிலம் ஆற ஆரம்பிக்கும், காத்து கொஞ்சம் கொஞ்சமா திசை மாறும், தென்மேற்குப் பருவமழை விலகும், அக்டோபர் மூணாவது வாரம் வாக்குல வடகிழக்கு மழை வரும். ஐப்பசி அடைமழை. கந்த சஷ்டி விரதத்துக்கு திருச்செந்தூர் கடற்கரையில நனைஞ்சுட்டே நின்னவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. காய வைக்க வெயில் கிடைக்காம ஆலையில வேலை நிக்கிறதும் அப்போதான்.

இப்போ முக்கியமான கேள்விக்கு வர்றேன். என் சித்தப்பா பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். நான் தப்பை ஒத்துக்கிட்டதும் அவன் ஒரு வீடியோ அனுப்பினான். "பார்த்தியாண்ணே, நம்ம வருஷப் பிறப்பே தப்பாம். சம இரவு நாள் மார்ச் 20, நாம ஏப்ரல் 14 கொண்டாடுறோம். 24, 25 நாள் லேட். தையில உத்தராயணம்னு சொல்றோம், சூரியன் டிசம்பர்லயே திரும்பிடுது. அப்போ பங்குனி உத்திரம், தைப்பூசம் எல்லாமே தப்பான நாள்லதானே கும்பிடுறோம்?" அவன் கிண்டலுக்குக் கேக்கல. போன வருஷம் மாலை போட்டு பழனிக்கு நடந்தவன். அவனுக்கு உள்ளுக்குள்ள ஏதோ ஆட்டம் கண்டுடுச்சு, அதான் கேட்டான்.

அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்தப் பதிவு.

24, 25 நாள் கணக்கு உண்மை. முதல்ல அதை ஒத்துக்கணும். 'விசு'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. விஷுவம்னா சமம். பாபநாசத்துல சித்திரை விசு திருவிழா நடக்குது. குற்றாலத்துல சித்திரை விசு, ஐப்பசி விசுன்னு ரெண்டு திருவிழா. சித்திரை விசு ஏப்ரல் 14 வாக்குல வருது, ஐப்பசி விசு அக்டோபர் 17, 18 வாக்குல வருது. நிஜமான சம நாளோ மார்ச் 20, செப்டம்பர் 23. ரெண்டு பக்கமும் அதே 24, 25 நாள் தள்ளி நிக்குது. பேர் மட்டும் சாட்சியா நிக்குது. ஒரு காலத்துல அந்தப் பேரும் அந்த நாளும் ஒண்ணாதான் இருந்திருக்கு. எப்போன்னா, எந்தக் கணக்கை எடுக்குறோம்ங்கறதைப் பொறுத்து கி.பி. 3-ம் நூற்றாண்டுல இருந்து 5-ம் நூற்றாண்டுக்குள்ள.

ஏன் நகர்ந்துச்சு? பம்பரம் விட்டிருப்பீங்க. வேகமா சுத்தும்போதே அதோட தலை மெதுவா ஒரு வட்டம் போடும். எங்க வீட்ல அம்மா சுத்துற சங்குசக்கரம் கூட கடைசியில அப்படித்தான் தள்ளாடி நிக்கும். பூமியோட அச்சும் அப்படி ஒரு வட்டம் போடுது, ரொம்ப ரொம்ப மெதுவா. ஒரு வட்டத்துக்கு சுமார் 25,800 வருஷம். அதனால சம நாள் வர்ற இடம் நட்சத்திரங்களுக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமா பின்னால நகருது. சுமார் 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி, நாள் கணக்குல சுமார் ஒரு நாள்.

வேற மாதிரி சொல்றேன். சூரியன் ஒரு நட்சத்திரத்துக்கிட்ட இருந்து கிளம்பி அதே நட்சத்திரத்துக்குத் திரும்பி வர்றது ஒரு வருஷம். வெயில் திரும்ப அதே அளவுக்கு வர்றது இன்னொரு வருஷம். முதலாவது வருஷம் 20 நிமிஷம் நீளம். ஒரு வருஷத்துக்கு 20 நிமிஷம் ஒண்ணுமே இல்ல, மீட்டிங்குக்கு லேட்டா வர்றவங்க கணக்கு. 1,700 வருஷம் சேர்ந்தா 24 நாள். சர்வர்ல கடிகாரம் தள்ளிப் போறதைப் பார்த்தவங்களுக்கு இந்த வலி புரியும்.

நம்ம பஞ்சாங்கக்காரங்களுக்கு இது தெரியாதான்னு கேட்டா, நல்லாவே தெரியும். அதுக்குப் பேர்தான் அயனாம்சம். உங்க போன்ல இருக்குற ஜாதக ஆப்ல செட்டிங்ஸ் போய்ப் பாருங்க, அயனாம்சம்: லஹிரின்னு இருக்கும். நாம யாரும் தொடாத அந்த ஒரு வரிதான் இந்த 24 டிகிரி. சுதந்திரத்துக்கு அப்புறம் 1952-ல மேக்நாத் சாஹா தலைமையில நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு போட்டு, 1955-ல அறிக்கை வந்து, 1957 மார்ச் 22-ல இருந்து அரசாங்கத்துக்கு ஒரு தேசிய நாட்காட்டியே நடைமுறைக்கு வந்துச்சு. அதுல சைத்ர மாசம் மார்ச் 22-ல பிறக்கும், லீப் வருஷத்துல 21. சம நாளை ஒட்டியே வருஷப் பிறப்பு! அறிவியல்படி ரொம்பச் சரி. அன்னைக்கு யாராவது மாங்காய்ப் பச்சடி வச்சுப் பார்த்திருக்கீங்களா?

சரி, அப்போ தம்பி கேட்ட கேள்வி? முருகனுக்கு நாம எடுக்குற விழாக்களோட பேரை வரிசையா சொல்லிப் பாருங்க. தைப்பூசம். பங்குனி உத்திரம். வைகாசி விசாகம். ஆடிக் கிருத்திகை. திருக்கார்த்திகை. கந்த சஷ்டி ஒண்ணு திதியை வச்சு வருது, மத்ததெல்லாம் நட்சத்திரம். நிலா பூசத்துல நிக்கிற நாள், நிலா உத்திரத்துல நிக்கிற நாள். நட்சத்திரத்தை வச்சு வர்ற விழாவுக்கு நட்சத்திர வருஷம்தானே சரி? அதுல ஒரு நாள் கூடப் பிழை இல்ல. பழனி மலையில நீ நடந்து போய் நின்ன அன்னைக்கு நிலா பூசத்துலதான் இருந்துச்சு, தம்பி. உன் நடை வீண் போகல.

பிழை எங்கே வருதுன்னா, நட்சத்திரக் கடிகாரத்தைப் பார்த்துட்டு வெயிலைப் பத்திப் பேசும்போது. சித்திரை விசு அன்னைக்கு பகலும் இரவும் சமம்னு சொன்னா தப்பு. மார்ச் 20 அன்னைக்கு தமிழ்நாட்டுல நிழல் விழாதுன்னு சொன்னா அதைவிடப் பெரிய தப்பு. ரெண்டு கடிகாரமும் சரியாத்தான் ஓடுது. ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணோட மணியைச் சொன்னது நான்.

இந்த நகர்வை முருகன்கிட்டயே ஒருத்தர் போய்ச் சொன்ன கதை ஒண்ணு இருக்கு. நான் இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி தூங்கல.

மகாபாரதம் வனபர்வத்துல கந்தன் பிறந்த கதை வருது. அதுக்குள்ள ஒரு சின்ன இடம். இந்திரன் கந்தன்கிட்ட வந்து நிக்கிறான். அபிஜித்னு ஒரு நட்சத்திரம், ரோகிணியோட தங்கை, அக்காவுக்கு மேல தான் மூத்தவளாகணும்னு போட்டி போட்டுத் தவம் பண்ணக் காட்டுக்குப் போயிட்டா, வானத்துல இருந்து அந்த நட்சத்திரம் நழுவிடுச்சு, எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல, நீ பிரம்மாவோட சேர்ந்து இந்தக் காலத்தைப் பத்தி யோசின்னு சொல்றான். முன்னாடி ரோகிணி முதலா இருந்துச்சு, அப்புறம் அவிட்டத்துல இருந்து காலம் எண்ணப்பட்டதுன்னும் அங்கேயே வருது. அதுக்குப் பிறகுதான் கார்த்திகைப் பெண்கள் வானத்துக்குப் போறாங்க.

இதுக்கு அறிஞர்கள் பல விதமா விளக்கம் சொல்றாங்க, நான் அதுக்குள்ள போகல. ஆனா நேராப் படிச்சாலே ஒண்ணு தெரியுது. வானத்துக் கணக்கு ஆடிப் போச்சு, சரி பண்ணணும்னு தேவராஜா போய் நின்னது, அப்போதான் பிறந்த நம்ம குழந்தைக்கு முன்னாடி. கணக்கு மாறிடுச்சுன்னு சொன்னா சாமிக்குக் கோவம் வரும்னு நினைக்கிறவங்க அந்த இடத்தை ஒருதடவை படிக்கணும்.

அந்தக் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரும் இன்னைக்கும் வானத்துல கொத்தா தெரியுறாங்க. வேத காலத்து நட்சத்திர வரிசையில கார்த்திகைதான் முதல், அசுவினி இல்ல. ஏன்னு யோசிச்சுப் பாருங்க. பூமி அச்சோட தள்ளாட்டத்தைப் பின்னோக்கி ஓட்டினா, சுமார் 4,300 வருஷத்துக்கு முன்னாடி, வசந்த கால சம நாள் அன்னைக்கு சூரியன் நின்ன இடம் கார்த்திகைக் கூட்டம். கார்த்திகை நேர் கிழக்கை விட்டு விலகாதுன்னு சதபத பிராமணத்துல ஒரு குறிப்பு இருக்கு. சம நாள் இடத்துல இருக்குற நட்சத்திரம் அப்படி நேர் கிழக்கே உதிக்கும். குழந்தை முருகனுக்குப் பால் கொடுத்தவங்கதான் ஒரு காலத்துல வருஷத்துக்கே வாசலா நின்னிருக்காங்க.

இன்னைக்கு? சூரியன் கார்த்திகை நட்சத்திரத்துல நிக்கிறது மே மாசம். அதைத்தான் நாம கத்திரி வெயில், அக்னி நட்சத்திரம்னு சொல்றோம்.  4,300 வருஷத்துல இளவேனில்ல இருந்து கொதிக்கிற வெயிலுக்கு அந்தத் தாய்மார்கள் நகர்ந்துட்டாங்க. வைகாசி ஆரம்பத்துலயே முழு நிலாவும் விசாகமும் சேர்ந்து வர்ற வருஷங்கள்ல, நம்ம முருகன் பிறந்த நாள் அன்னைக்கு, நிலா விசாகத்துல இருக்கும்போது சூரியன் நேர் எதிரே கார்த்திகையில இருக்கும். 2024 மே 22 அப்படித்தான் இருந்துச்சு. பிள்ளையோட நட்சத்திரத்துக்கு எதிர்ல தாய்மார்கள், நடுவுல பூமி. (இது என் கணக்கு. புராணத்துல இப்படி எழுதியிருக்குன்னு யாராவது படம் போட்டு அனுப்பினா, நான் அந்தப் பாவத்துக்குப் பொறுப்பில்ல.)

2024 பங்குனி உத்திரம் மார்ச் 25 வந்துச்சு. சம நாளுக்கு அஞ்சே நாள் தள்ளி. அம்மா ஒவ்வொரு வருஷமும் கழுகுமலைக்கு நடப்பாங்க, அப்பாவுக்காக. ஃபார்வேர்டு விஷயத்துல வாங்கிக் கட்டிக்கிட்ட கையோட நானும் லீவு போட்டு ஊருக்குப் போய் கூட நடந்தேன். அன்னைக்கு சாயங்காலம் தரிசனம் முடிச்சு வெளியே வந்து நிக்கிறோம். மேற்கே சூரியன் இறங்குது. கொஞ்ச நேரத்துல கிழக்கே நிலா, தாம்பாளம் மாதிரி. ஏறக்குறைய நேர் மேற்கு, ஏறக்குறைய நேர் கிழக்கு. சம நாளை ஒட்டி முழு நிலா வந்தா மட்டும் அமையுற காட்சி அது. நான் அயனாம்சம், உத்திரம், 180 டிகிரின்னு ஏதோ அம்மாகிட்ட சொல்ல ஆரம்பிச்சேன். அம்மா கையை எடுத்துக் கும்பிட்டு ரெண்டு பக்கமும் ஒருதடவை திரும்பினாங்க. "அப்பாவுக்கு ஒண்ணும் வராதுய்யா"ன்னாங்க. நான் பேச்சை நிறுத்திட்டேன்.

அடுத்த வருஷம் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11-க்குப் போயிடுச்சு, நிலா மாசமும் சூரிய மாசமும் ஒத்துப் போகாததால அது முன்ன பின்ன வரும். ஆனா சூரியனோட கணக்கு நிலா மாதிரி அலையாது. அதனால 2025-ல நேரா சோதிச்சுப் பார்த்துடுவோம்னு முடிவு பண்ணேன்.

மார்ச் 20 அன்னைக்கு மொட்டை மாடியில 1 மீட்டர் பைப் ஒண்ணை நிமிர்த்தி வச்சு, காலையில இருந்து ஒவ்வொரு மணிக்கும் நிழலோட நுனியில ஒரு கூழாங்கல். சாயங்காலம் பார்த்தா கல்லெல்லாம் ஒரே நேர்கோடு, கிழக்கு மேற்கா! சம நாள்ல மட்டும்தான் அது கோடா வரும், மத்த நாள்ல வளையும். கோயில் கட்டுறதுக்கு முன்னாடி ஸ்தபதிங்க சங்கு நட்டுத் திசை பார்க்கிறதும் இதே நிழல் வித்தைதான். நிழல் ரொம்பக் குறைஞ்சது 12.27-க்கு, 16 செ.மீ. பக்கம், வடக்கே பார்த்து. 12 மணிக்கு இல்ல பாருங்க. நம்ம கடிகாரம் அலகாபாத் பக்கத்து நேரம், எங்க ஊருக்கு சூரியன் தாமதமாத்தான் உச்சிக்கு வரும்.

அப்புறம் ஏப்ரல் 14, சித்திரை 1. ஆலை லீவு. அப்பா, அம்மா, நான் மூணு பேரும் மாடியில. 12.20. பைப்போட அடியைச் சுத்தி நிழலைத் தேடுறோம், கண்ணுக்குத் தெரியல. ஒரு வாளியைக் கவிழ்த்து வச்சுப் பார்த்தோம், அதுக்கும் இல்ல. அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. சித்திரை பொறந்தா நிழல் காலுக்குள்ள போகும். அதுக்கப்புறம் ஆவணி வரைக்கும் நடு மத்தியான நிழல் தெற்கே திரும்பி விழும்னும் அம்மாவுக்குத் தெரியும். நான் அதையும் கணக்குல சரிபார்த்தேன். ஆகஸ்ட் 29, 30 வாக்குல சூரியன் மறுபடி எங்க உச்சிக்கு வந்து, அதுக்கப்புறம்தான் நிழல் வடக்கே போகும். சரியா இருக்கு.

அப்பா மட்டும் நிழல் இல்லாத அந்தப் பைப்பையே பார்த்துட்டு இருந்தார். "வருஷப் பிறப்புன்னு இன்னைக்கு லீவு விட்டு வச்சது நல்லதாப் போச்சு"ன்னு சொல்லிட்டு கீழே இறங்கிப் போயிட்டார்.

இதைப் படிச்சதும் உங்க கை பரபரக்கும், தெரியும். சித்திரை 1 அன்னைக்கு சூரியன் உச்சிக்கு வர்ற மாதிரி முன்னோர்கள் வச்சாங்கன்னு ஒரு படம் போடத் தோணும். போடாதீங்க. இது இந்த நூற்றாண்டுல, எங்க ஊர் இருக்குற கோட்டுக்கு மட்டும் அமைஞ்ச பொருத்தம். கன்னியாகுமரியில ஏப்ரல் 10, மதுரையில 16 வாக்குல, சென்னையில 24. ஊருக்கு ஊர் மாறும். இன்னும் 72 வருஷம் போனா சித்திரை 1 ஒரு நாள் நகர்ந்துடும், 2,000 வருஷத்துல கிட்டத்தட்ட ஒரு மாசமே நகர்ந்துடும்.

நம்ம ஆளுங்க நிழலைப் பார்த்தாங்கங்கறதுக்கு வேற நல்ல சான்று இருக்கு. திருமுருகாற்றுப்படை பாடின நக்கீரர் பேர்ல இருக்குற இன்னொரு பாட்டு நெடுநல்வாடை. அதுல பாண்டியனோட அரண்மனைக்கு மனை வகுக்குற இடத்துல, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகல்ல ரெண்டு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறிக்கிறது வருது. உரை எழுதின நச்சினார்க்கினியர் அதுக்குச் சித்திரை மாசத்தைத்தான் சொல்றார். இதை அனுப்புங்க. தைரியமா அனுப்புங்க.

தம்பி இப்போ ஹாஸ்டல் மாடியில ஒரு கம்பு நட்டு வச்சிருக்கான். ஆவணியில அவன் இருக்குற ஊருக்கு எந்த நாள்னு கேட்டு மெசேஜ் பண்ணினான், கணக்குப் போடுற வழியை மட்டும் அனுப்பியிருக்கேன். உங்களுக்கும் வேணும்னா கேளுங்க. உங்க ஊர், நிழல் குறைஞ்ச நேரம், எத்தனை செ.மீ., எந்தப் பக்கம் விழுந்துச்சு, இந்த நாலையும் எழுதி படத்தோட க்ரூப்ல போடுங்க. குடை பிடிச்சுட்டுப் போங்க, ரெண்டு நிமிஷத்துல இறங்கிடுங்க. ஆறெழுத்தை நிழல்ல உட்கார்ந்தே சொல்லலாம்.

வேலும் மயிலும் துணை.